விரலுக்குத் தகுந்த வீக்கம்



மளிகைக் கடைக்காரருக்கும் மரம் அறுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதிக்கு முன்பு நம்மிடம் யாராவது இதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். அன்று திங்கட்கிழமை. பிற்பகலில் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் நகரத்திலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தச் சாலையில் திரும்பினாலும் மரம். நம் பருத்திப்பட்டு மட்டும் தப்பிக்குமா?

நம் கடைவீதியில் நான்கு கடைகளின் வாசலை மறித்துக்கொண்டு ஒரு புளியமரம் விழுந்தது. ஷட்டரைத் திறக்க முடியவில்லை. உள்ளே அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் ஈரத்தில் கிடந்தன. மின்சாரம் இல்லை. வெளியே மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர் கேட்டு ஜனங்கள் நிற்கிறார்கள். மாநகரத்தில் உள்ள தீயணைப்புப் படையும் மீட்புப் படையும் பெரிய சாலைகளைத் திறப்பதிலேயே திணறிக்கொண்டிருந்தன. சின்னக் கடைவீதியின் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கமும் இல்லை. அப்படி இருந்தும் நான்கு கடைக்காரர்களும் சில்லறையைத் திரட்டி, மெஷின் வைத்திருந்த ஒரு தம்பியை அழைத்து வந்தோம்.

"பார் பெரிசு அண்ணாச்சி. 22 அங்குலம். ஒரே அறுப்புல முடிஞ்சிடும்" என்றார் அந்தத் தம்பி. நமக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று நாமே அவசரப்படுத்தினோம்.

மரத்தின் சுற்றளவு சுமார் 5 அடி. மெஷின் பாதி தூரம் போனதும் திணறியது. சத்தம் இறங்கியது, புகை வந்தது. அவர் தம் உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு அழுத்தினார். பாரின் மூக்கு மரத்தின் மறுபக்கம் 2 அங்குலம் வெளியே வந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மரத்தோடு சேர்ந்து வளைந்து கிடந்த நம் பெயர்ப்பலகையின் இரும்புச் சட்டம் அங்கே இருந்தது. மூக்கின் மேல்முனை அதைத் தொட்டது. கண் இமைக்கும் நேரத்தில் மெஷின் பின்னோக்கி எகிறியது. தோளில் 14 தையல். உயிர் பிழைத்தது அவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

மருத்துவச் செலவை ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம். ஆனால் அவர் நான்கு மாதம் கையைத் தூக்க முடியாமல் வீட்டில் இருந்தாரே, அந்த நான்கு மாதக் கூலியை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அடுத்த புயலிலும் இதுவேதான் நடக்கும் என்பதால் எழுதுகிறோம்.

நீளம் மட்டும் போதுமா?

அந்த மெஷினை அந்தத் தம்பி வாங்கிய கதையைப் பிறகு விசாரித்தோம். கடையில் இருந்த மெஷின்களில் எதற்கு நீளமான பார் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டார். விற்றவரும் "பெரிய மரம் என்றால் பெரிய பார்தான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். 52 சிசி, 58 சிசி இன்ஜினில் 22 அங்குல பார் மாட்டிய மெஷின்கள் இன்றும் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பார்க்க எடுப்பாக இருக்கும். முருங்கை, வாழை, மெலிந்த வேப்பங்கிளை வெட்ட அது போதும். புளியில் வைத்தால் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சின்ன அடுப்பில் பெரிய வாணலியை வைத்தால் எண்ணெய் காயுமா? அதே கதைதான் இதுவும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு நமக்குப் புதிதல்ல. எட்டில் மூன்று பங்கு அங்குல பிட்ச் உள்ள சாதாரண செயினில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டும் பல் வருகிறது. மரத்துக்குள் 18 அங்குலம் இறங்கினால் ஒரே நேரத்தில் 12 பற்கள் மரத்தைக் கடிக்கின்றன. 24 அங்குலம் இறங்கினால் 16 பற்கள். இன்ஜின் அதேதான், ஆனால் இழுக்க வேண்டிய பற்கள் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டன. அதற்கு மேல் செயின் பாரில் உரசும் தூரமும் கூடுகிறது, எண்ணெய் போய்ச் சேர வேண்டிய தூரமும் கூடுகிறது. இன்ஜின் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும், பார் நீலம் பாரிக்கும், அழுத்தி ஓட்டினால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும்.

அனுபவசாலிகள் சொல்லும் பொதுவான அளவு இது: 16 முதல் 18 அங்குல பாருக்கு 40 முதல் 50 சிசி, 20 அங்குலத்துக்கு 50 முதல் 60 சிசி, 24, 25 அங்குலத்துக்கு 60-க்கு மேல், கடின மரம் என்றால் 70 சிசி இருந்தால் நல்லது, 30 அங்குலத்துக்கு மேல் போனால் 90 சிசி வர்க்கம். மெஷினோடு வரும் புத்தகத்தில் அந்த இன்ஜினுக்கு எந்த அளவு வரை பார் போடலாம் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருப்பார். அந்த வரம்பின் கடைசி அளவு மெல்லிய மரத்துக்கு. புளி, வாகை போன்ற மரங்களுக்கு அதிலிருந்து ஒரு படி இறங்கி நிற்பதே புத்திசாலித்தனம்.

நம் மரங்கள் லேசுப்பட்டவை அல்ல

புளியமரம் எவ்வளவு உறுதி என்பதை வெளிநாட்டுப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் கடைவீதியிலுள்ள கறிக்கடையில் போய்ப் பாருங்கள். வருஷக்கணக்காகக் கத்தி விழுந்தும் பிளக்காமல் நிற்கும் அந்தக் கறிக்கட்டை புளியமரத்தின் குறுக்கு வெட்டுத்தான். நீங்கள் விற்கும் மரச்செக்கு எண்ணெய்க்கு வாகை மரம். நம் முன்னோர் எந்த வேலைக்கு எந்த மரம் என்று தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

பச்சைப் புளியமரத்தின் எடை ஏறக்குறைய தண்ணீரின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். 3 அடி குறுக்களவுள்ள மரத்தில் 1 அடி கனத்துக்கு ஒரு வட்டம் அறுத்தால் அந்த ஒரு துண்டே 200 கிலோ அளவுக்கு வரும். நான்கு சர்க்கரை மூட்டை எடை! அது உருண்டு காலில் விழுந்தால் என்ன ஆகும்? பாரைப் பிடித்து நெருக்கினால் என்ன ஆகும்? விழுந்த மரத்தில் ஒரு பக்கம் அழுத்தமும் மறுபக்கம் இழுப்பும் இருக்கும். அறுக்கும் வெட்டு மூடிக்கொண்டால் நீளமான பார் வளைந்து வீணாகும். அதனால்தான் ஆப்பு வைத்து அறுக்க வேண்டும்.

அளந்து வாங்குவோம்

நம் தொழிலே அளவைத் தொழில். துணிக்கடை டேப்பை எடுத்து மரத்தின் சுற்றளவை அளந்து மூன்றால் வகுத்தால் குறுக்களவு ஏறக்குறைய கிடைத்துவிடும். 6 அடி சுற்று என்றால் 2 அடி, அதாவது 24 அங்குலம். ஒரே பக்கத்திலிருந்து அறுத்து முடிக்க வேண்டுமானால் பார் அதைவிட 2 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் போய் அறுக்க இடம் இருந்தால், பாரின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குறுக்களவை அறுக்கலாம். 20 அங்குல பார் 36 அங்குல மரத்தையும் சமாளிக்கும். நம் பகுதியில் சாயும் மரங்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் நீளமான பாரே வேண்டாமா? வேண்டும். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கால்வாய் என்று மறுபக்கம் போக முடியாத இடங்கள் உண்டு. கறிக்கட்டைக்கு வட்டம் அறுப்பவருக்கு இரண்டு பக்க வெட்டும் ஒரே நேர்கோட்டில் சேராவிட்டால் கட்டை கோணலாகிவிடும். தரையில் கிடக்கும் மரத்தைக் குனிந்து குனிந்து அறுப்பவருக்கு நீளமான பார் முதுகைக் காப்பாற்றும். இவர்களுக்கு 24, 25 அங்குலம் தேவைதான். ஆனால் அதற்கு முதலில் அதை இழுக்கும் இன்ஜினை வாங்க வேண்டும். பாரை மட்டும் நீட்டினால் போதாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பாரிமுனை பக்கம் லிங்கிச் செட்டித் தெருவிலோ வேறு எங்கோ போய் பாரும் செயினும் தனியாக வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும். முதலாவது, பாரின் வால்பகுதி நம் மெஷினில் பொருந்துமா? இரண்டாவது, பிட்ச் என்ன? புள்ளி 325, எட்டில் மூன்று, புள்ளி 404 என்று பல அளவு உண்டு. பார், செயின், மெஷினுக்குள் இருக்கும் ஸ்பிராக்கெட் மூன்றுக்கும் ஒரே பிட்ச் இருக்க வேண்டும். மூன்றாவது, கேஜ், அதாவது பாரின் காடியில் ஓடும் கண்ணியின் கனம். புள்ளி 050, 058, 063 என்று வரும். நான்காவது, காடிக்குள் ஓடும் டிரைவ் கண்ணிகள் எத்தனை? ஒரே நீளமுள்ள இரண்டு பார்களுக்கும் கண்ணி எண்ணிக்கை மாறலாம். பழைய செயினைக் கையில் எடுத்துக்கொண்டு போய் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பில் வாங்க மறக்காதீர்கள். பில் கேட்பதில் வணிகனுக்கு வெட்கம் எதற்கு?

பல்லில் இருக்கிறது வேலை

அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்று ஒரு மரவெட்டி. 1946-இல் காட்டில் ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். விரல் அளவுப் புழு, இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து உறுதியான மரத்தைச் சீவித் தள்ளிக்கொண்டே போனது. அந்தத் தாடையின் வளைவைப் பார்த்து அவர் ஒரு புதிய செயின் பல்லை வடிவமைத்தார். 1947-இல் போர்ட்லாந்து நகரில் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் ஓடும் செயின்கள் அந்தப் பல்லின் வழிவந்தவைதான். புழுவுக்கு ஏது நீளம்? வேலை செய்தது அதன் தாடை.

ஆகவே பாரின் நீளத்துக்குக் கொடுக்கும் கவனத்தைப் பல்லுக்கும் கொடுங்கள். பல்லின் மூலை சதுரமாக இருக்கும் செயின் சுத்தமான மரத்தில் வேகமாக அறுக்கும். ஆனால் மண்ணும் தூசியும் பட்டால் சீக்கிரம் மழுங்கிவிடும். மூலை சற்று உருண்ட செயின் கொஞ்சம் நிதானம். ஆனால் கூர் நிற்கும். தெருப் புழுதி அப்பிய நம் சாலையோரப் புளிக்கும் வேம்புக்கும் இரண்டாவதே ஏற்றது. 24 அங்குலத்துக்கு மேல் பார் போடுகிறவர்கள் பற்களை விட்டுவிட்டு அமைத்த செயினையும் கேட்டுப் பார்க்கலாம். பல் குறைவதால் இன்ஜினுக்குச் சுமை குறையும்; தூள் வெளியேற இடமும் கிடைக்கும்.

மரத்தூள் சீவல் சீவலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது அழுத்தக் கூடாது. நிறுத்தி அரம் போட வேண்டும். புள்ளி 325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், எட்டில் மூன்றுக்கு 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம் வழக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் கூடினால் வெட்டு வளைந்து போகும். செயினைத் தீட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் அது இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. வண்டியில் வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுகிறவர்கள் பலர். அதில் உள்ள இரும்புப் பொடி பாரைத் தின்றுவிடும். நீளமான பாருக்கு எண்ணெய் அதிகம் வேண்டும். நுனி வரை போகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூக்கை ஒரு வெள்ளை அட்டைக்கு நேரே, தொடாமல் பிடித்து இன்ஜினை வேகப்படுத்துங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அறுக்காதீர்கள்.

ஆணி அடித்தது யார்?

இனி நம் குற்றத்துக்கு வருவோம். அந்தப் புளியமரத்தை மறுநாள் வேறு ஆள் வந்து அறுத்தபோது இரண்டு முறை செயின் மழுங்கியது. மரத்துக்குள் ஆணிகள்! ஆடித் தள்ளுபடி பலகை, தீபாவளி வாழ்த்துப் பலகை, டியூப் லைட் மாட்டிய கொக்கி என்று ஆண்டுக்கணக்காக நாம் அடித்தவை. மரம் வளர்ந்து அவற்றை விழுங்கிவிட்டது. செயின் வேகமாக ஓடும்போது அதன் பற்கள் நொடிக்கு 20 மீட்டர் அளவில் பறக்கின்றன. அந்த வேகத்தில் இரும்பில் மோதினால் பல் போகும். செயினும் அறுந்து தெறிக்கலாம். ஒரு ஆணி 2 ரூபாய். அது யார் கையைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. மரத்தில் ஆணி அடிப்பதை நம் கடைவீதி இன்றோடு நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. சாலையோர மரம் நம் சொத்து அல்ல. நிற்கும் மரத்தை உரிய அதிகாரிகளின் அனுமதியின்றி வெட்டக் கூடாது. விழுந்த மரமானாலும் மின்கம்பி அதில் சிக்கியிருந்தால் மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை யாரும் நெருங்கக் கூடாது. ஆவடி 2019 முதல் மாநகராட்சியாகிவிட்டது. முதலில் அவர்களுக்கும் தீயணைப்புத் துறைக்கும் தகவல் சொல்வது நம் கடமை. அதன் பிறகுதான் நம் ஏற்பாடு.

நமது யோசனை

ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வரும். புயலும் வரும். ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு மெஷின் வாங்க வேண்டியதில்லை. சங்கமே ஒன்று வாங்கட்டும். 70 சிசி வர்க்கத்தில் நல்ல இன்ஜின். அன்றாட வேலைக்கு 20 அங்குல பாரும் மூன்று செயின்களும். பெரிய மரத்துக்கென்று 24 அல்லது 25 அங்குல பார் ஒன்றும், அதற்கேற்ற செயின் இரண்டும். இரண்டு அரம், நான்கு ஆப்பு. பெட்ரோலில் கலக்க வேண்டிய எண்ணெயின் அளவு மெஷினுக்கு மெஷின் மாறும்; புத்தகத்தில் உள்ளபடி அளந்து கலக்க ஒரு குவளை. மாதம் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக் குறித்துவைக்க ஒரு நோட்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்பு உடை வாங்கப்பட வேண்டும். தலைக்கவசம், முகத்திரை, காதுமூடி, கையுறை, தடித்த பூட்ஸ், செயின் பட்டால் நூல் சுற்றி அதை நிறுத்திவிடும் கால்சட்டை. லுங்கியும் ரப்பர் செருப்புமாக மரம் அறுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். பணம் போதவில்லை என்றால் நீளமான பாரை அடுத்த வருஷம் வாங்கலாம். உடையைத் தள்ளிப்போடக் கூடாது.

மெஷினை நாம் தொட வேண்டாம். பழகிய இருவரை அமர்த்தி, முறையாகப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பெயரில் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுவோம். அறுப்பதற்கு முன் மரத்தின் மறுபக்கத்தைச் சுற்றிப் பார்த்து, இரும்பு, கம்பி, கல் எது இருந்தாலும் அப்புறப்படுத்துவது கடைக்காரர்களான நம் பொறுப்பு. பாரின் மூக்கு எங்கே வெளிவரும் என்று தெரியாமல் யாரையும் அறுக்கச் சொல்லக் கூடாது. "சீக்கிரம், சீக்கிரம்" என்ற வார்த்தையை அன்று நம் வாயிலிருந்து வரவிடக் கூடாது.

அந்தத் தம்பி இப்போது மெஷினைத் தொடுவதில்லை. குளிர்காலத்தில் தோள் வலிக்கிறது என்கிறார். ஆனால் எந்த மரத்துக்கு எந்தப் பார், எந்தச் செயின் என்று இன்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி அவர்தான். சங்கம் மெஷின் வாங்கினால் அதைப் பராமரிக்கும் பொறுப்பை மாதச் சம்பளத்தில் அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. பழைய நான்கு மாதக் கணக்கு நம் பேரேட்டில் இன்னும் பற்றில்தான் நிற்கிறது. வணிகன் பாக்கி வைக்கலாமா? அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். மழைக்கு முன் முடிப்போம்.